ஆடுகளத்தில் ஆளறிதல்



கோடை விடுமுறை கழிந்து கல்லூரிகள் திறந்ததும், விளையாட்டு மைதானங்களில் ஒரு சிறு தேர்வு நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். அத்தேர்வுக்கு வினாத்தாள் இல்லை. மதிப்பெண் பட்டியலும் பெரும்பாலும் வெளிவருவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், ஓடுகிறார்கள், பந்தை எறிகிறார்கள், அடிக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் சிலர் கல்லூரி அணியில் இடம் பெறுகிறார்கள். பலர் வந்த வழியே திரும்புகிறார்கள். முடிச்சூரிலிருந்து சைக்கிளிலும், செங்கற்பட்டுப் பக்கமிருந்து ரயிலிலும் தாம்பரத்துக்கு வந்து படிக்கும் இளைஞர் பலருக்கு, அந்த ஒரு மாலைப்பொழுதின் முடிவு நெடுநாள் நெஞ்சில் தங்கும். புதிய ஆட்டக்காரரை எடைபோடும் வழக்கம் நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, அதில் எங்கெங்கே தடுமாற்றம் நேர்ந்தது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

தேர்வு என்றவுடன், வந்து நிற்பவர்களுள் வல்லவர் யார் என்ற கேள்வியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. வந்து நிற்க யாருக்கு வழி இருந்தது என்பதே அது. சென்னையில் 1846-ஆம் ஆண்டில் ஐரோப்பியர் தங்களுக்கென ஒரு கிரிக்கெட் கழகம் அமைத்தனர். சேப்பாக்கத்தில் அவர்கள் ஆடிய களத்தில், இந்தியருக்குச் சரிநிகரான இடம் கிடைக்கவில்லை. இந்நிலையைக் கண்டு மனம் பொறாத புச்சிபாபு நாயுடு, 1888-இல் ‘மதராஸ் யுனைடெட் கிளப்’ என்ற சங்கத்தைத் தோற்றுவித்தார். இந்திய இளைஞரைத் திரட்டினார். ஆட்டத்துக்கு வேண்டிய கருவிகளைக் கொடுத்தார். பயிற்சிக்கு வழி செய்தார். ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிராக ஆடும் பந்தயம் ஒன்றுக்கும் அவர் ஏற்பாடு செய்தார். ஆனால் 1908-இல், அது நடைபெறுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே மறைந்தார். திறமை அதற்கு முன்னரும் இந்த ஊரில் இருந்தது. அது கண்ணில் படுவதற்கு ஒரு களம் இல்லாதிருந்தது. அக்களத்தை அமைத்தவர் அவர்.

இதே உண்மையைப் பூனா நகரில் நிகழ்ந்த மற்றொரு செய்தியும் காட்டுகிறது. 1919-இல் அங்கே டெக்கான் ஜிம்கானா நடத்திய ஓட்டப் பந்தயங்களுக்குத் தொழிலதிபர் தோராப்ஜி டாட்டா தலைமை தாங்கினார். ஓட வந்தவர்களுள் பலர் வயலில் உழைக்கும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். முறையான பயிற்சி அவர்களுக்கு இல்லை. பந்தய விதிகளும் தெரியா. ஆயினும், வெறுங்காலுடன் ஓடிய அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டபோது, அது அயல்நாட்டு ஓட்டக்காரரின் நேரத்தோடு ஒப்பிடத் தக்கதாக இருந்தது. டாட்டா வியந்தார். அதன் பயனாக 1920-இல் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்தியாவிலிருந்து ஒரு சிறு குழு சென்றது. அக்குழுவில் ஒருவரான சௌகுலே, மாரத்தான் நெடு ஓட்டத்தில் 19-ஆவதாக வந்தார். ஓட்டக்காரரின் உடையையும் காலையும் பார்த்து மட்டுமே தீர்ப்புச் சொல்லியிருந்தால், அவர் பூனாவிலேயே நின்றிருப்பார். கடிகாரத்துக்கு முகம் பார்க்கும் வழக்கம் இல்லை. அதுவே அவர்களுக்கு உதவிற்று.

அதே 1920-ஆம் ஆண்டில் சென்னையில் உடற்கல்விக்கு ஒரு பள்ளி பிறந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் அதைத் தொடங்கினார். அதுவே பின்னர் வளர்ந்து, சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் இன்று விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924-இல் இந்திய ஓட்டக்காரரைத் தெரிந்தெடுக்க டில்லியில் போட்டிகள் நடந்தன. அவ்வாறு தேர்ந்த குழுவுடன் பாரிசுக்குச் சென்றவர்களுள் பக்கும் ஒருவர். ஒரு பெருமகன் தற்செயலாகக் கண்டு வியந்ததிலிருந்து, பல மாகாணத்தாரை ஓரிடத்தில் கூட்டி ஒரே அளவுகோலால் அளப்பது வரை, ஐந்தே ஆண்டுகளில் நாம் நடந்த தொலைவு சிறிதன்று.

பக் பயின்றது அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் கல்லூரியில். அங்கேதான் 1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் அவர் செய்து பார்த்த முயற்சி ஒன்று நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் வழிவழியாக ஆடிவந்த ஆட்டம் லக்ராஸ். நீண்ட கோலின் தலையில் கட்டிய வலையில் பந்தை ஏந்தி ஓடி, எறிந்து ஆடுவது அது. 1904, 1908 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களில் இடம் பெற்ற இந்த ஆட்டம், 2028-இல் லாஸ் ஏஞ்சலீஸில் நடைபெறும் பந்தயத்துக்கும் சேர்க்கப்பட்டுள்ளது. நைஸ்மித் தாமே லக்ராஸ் ஆடியவர். குளிர்காலத்தில் மாணவரைக் கூரைக்கு அடியில் இதை ஆடச் செய்தார். இடமோ குறுகியது, மாணவருள் பலர் கோலைப் பிடித்தறியாதவர். கோல்கள் உடம்பில் பட்டனவேயன்றி ஆட்டம் நடக்கவில்லை. இம்மாணவர் ஆட்டத்துக்கு உதவார் என்று அவர் முடிவு கட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், இந்த இடத்துக்கு இந்த ஆட்டம் பொருந்தவில்லை என்று கண்டுகொண்டு, வேறோர் ஆட்டத்தை வகுத்தார். ஆளைச் சோதிக்கும் முன், சோதனை சரியானதுதானா என்று சோதிக்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

அளக்கும் முறைகளும் அக்காலத்தில் பெருகின. நின்ற இடத்திலிருந்து ஒருவர் எவ்வளவு உயரம் எம்பிக் குதிக்கிறார் என்று பார்க்கும் சோதனையை, டட்லி சார்ஜென்ட் 1921-இல் எடுத்துரைத்தார். இன்றும் கூடைப்பந்து, கைப்பந்து ஆட்டக்காரரைத் தெரிந்தெடுப்போர் அதைக் கையாளுகின்றனர். ஆனால் எல்லாவற்றையும் அங்குலத்தாலும் வினாடியாலும் அளந்துவிட முடியுமா? பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில் ஒருவர் எங்கே நிற்கிறார், தவறு செய்தபின் எப்படி நடந்துகொள்கிறார், தோழனுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறாரா என்பவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளநூலறிஞரின் பெயரை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் அறிவர். மேலதிகாரிகள் தம் கீழுள்ள படை அலுவலருக்கு இட்ட மதிப்பெண்களை அவர் ஆராய்ந்து, 1920-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடற்கட்டு, அறிவு, தலைமை, ஒழுக்கம் எனத் தனித்தனியே மதிப்பிடச் சொன்னபோதிலும், ஒன்றில் உயர்ந்த மதிப்புப் பெற்றவர் ஏனையவற்றிலும் உயர்ந்த மதிப்பே பெற்றிருந்தார். ஒரு குணத்தின் ஒளி மற்றக் குணங்களின்மீதும் பாய்ந்துவிடுகிறது. நெடிய உருவமும் மிடுக்கான நடையும் உடைய மாணவனை ‘நல்ல ஆட்டக்காரன்’ என்று பந்தைத் தொடுமுன்னரே நினைத்துவிடுவது இவ்வகையைச் சேர்ந்ததே.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த நெருக்கடியான இடத்தை விட்டுத் தாம்பரத்தின் விரிந்த வெளிக்குக் குடிபெயர்ந்தது. சேலையூர், தூய தாமஸ், பிஷப் ஹீபர் என்ற விடுதிகளில் மாணவர் தங்கினர். விடுதியும் மைதானமும் அருகருகே அமைந்தால், புது மாணவனை ஒரே நாளில் மதிப்பிட்டுவிட வேண்டிய அவசரம் குறைகிறது. அவனை நாள்தோறும் காணலாம். அதே காலத்தில் கல்லூரி ஆட்டத்துக்கு வெளியுலக மதிப்பும் கூடிற்று. பல்கலைக்கழகங்களுக்கிடையே ரோஹின்டன் பாரியா கோப்பைக்கான கிரிக்கெட் போட்டி 1935-இல் தொடங்கியது. கல்லூரி அணியில் ஓர் இடம் என்பது மேலே ஏறும் படிக்கட்டாயிற்று. அந்த இடத்தை மறுப்பதன் விளைவும் அந்த அளவுக்குப் பெரிதாயிற்று.

செங்கற்பட்டுச் சீமையில் மொறப்பாக்கம் என்ற ஊரிற் பிறந்த எம். ஜே. கோபாலனின் வரலாறு இங்கு நினைவுகூரத் தக்கது. அவருடைய பந்துவீச்சின் திறத்தைக் கண்ட சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், வெறும் புகழுரையோடு நின்றுவிடவில்லை. பர்மா ஷெல் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைக்கவும் உதவினார். வயிற்றுக்கு வழியின்றித் திறமை மட்டும் வளராது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில், ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயத்தில் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஹாக்கியிலும் அவர் வல்லவர். 1935-இல் தியான்சந்த் தலைமையில் நியூஸிலாந்து சென்றார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கித் தேர்வுக்கும், இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணிக்கும் ஒருங்கே அழைப்பு வந்தது. அவர் கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்டார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டு பந்தயத்திலும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பெர்லினிலோ இந்திய ஹாக்கி அணி தங்கப் பதக்கம் வென்றது. ஆட்டக்காரரைத் தேர்வாளர் தெரிந்தெடுப்பதோடு கதை முடிவதில்லை, ஆட்டக்காரரும் தெரிந்தெடுக்கிறார், அதன் பயனை இருவருமே முன்னறிய இயலாது.

அதே முதல் ரஞ்சிப் பந்தயத்தில் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஏ. ஜி. ராம்சிங். அவர் துணையால் சென்னை அணி மைசூர் அணியை ஒரே நாளில் வென்றது. ஆயினும் அவர் கடைசிவரை அதிகாரபூர்வமான டெஸ்டு பந்தயம் ஒன்றிலேனும் ஆடவில்லை. பெயர்ப்பட்டியலில் இல்லாததால் ஒருவர் திறமை இல்லாதவராகிவிடார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மறுப்பும் ஒரு நன்மையாக முடியலாம். ஆனால் அதைச் சொல்லும் முறையில் இருக்கிறது அந்த நன்மை. 1987-இல் சென்னையில் எம்.ஆர்.எப். வேகப்பந்துப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது, பம்பாயிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வேகப்பந்து வீச வந்தான். பயிற்சியாளர் டென்னிஸ் லில்லி அவனைச் சேர்க்கவில்லை; மட்டையாட்டத்தில் கருத்தைச் செலுத்துமாறு கூறினார். சச்சின் டெண்டுல்கர் என்ற அச்சிறுவன் 1989-இல் கராச்சியில் தன் முதல் டெஸ்டு ஆட்டத்தை ஆடினான். “நீ வேண்டாம்” என்ற சொல்லோடு, “உனக்குரிய வழி இது” என்ற சொல்லும் சேர்ந்து வந்தது.

பின்னாளைய ஆராய்ச்சி மற்றொரு தவற்றையும் வெளிப்படுத்திற்று. கனடா நாட்டின் பனிக்கட்டி ஹாக்கி ஆட்டக்காரருள் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்று, ராஜர் பார்ன்ஸ்லி என்பவர் 1985-இல் தம் துணைவரோடு எழுதிக் காட்டினார். ஒரே வயதுப் பிரிவில் சில மாதம் மூத்த சிறுவன் சற்றுப் பெரியவனாக இருக்கிறான். அந்தப் பெருமையைத் திறமை என்று கருதி அவனுக்கே மேலும் பயிற்சி அளிக்கிறார்கள். ஒரே வகுப்பில் ஜூனில் பிறந்தவனும் அடுத்த மே மாதத்தில் பிறந்தவனும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதைக் காணும் ஆசிரியர்களுக்கு இது புதுமையன்று.

வரலாறு காட்டும் இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால், தேர்வாளர் கொள்ள வேண்டிய நெறி புலனாகும். எவற்றைப் பார்க்கப்போகிறோம் என்பதை முன்னரே அனைவருக்கும் அறிவித்தல் வேண்டும். ஒரு மாலையோடு நில்லாமல், வெவ்வேறு நாட்களில் மும்முறையேனும் பார்த்தல் வேண்டும். இருவர் மதிப்பிட்டால், ஒருவரோடொருவர் பேசுமுன் தனித்தனியே எழுதிக்கொள்ளல் வேண்டும். காலணி இல்லாதவனுக்குக் காலணி கொடுத்து, அதன்பின் ஓடச் சொல்ல வேண்டும். இடம் பெறாதவனிடம், அவன் குறை யாது, அடுத்த ஆண்டுக்குள் அவன் செய்யத்தக்கது யாது என்று நேரில் கூற வேண்டும். திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். தெரிந்தெடுப்பதோடு பொறுப்புத் தீர்ந்துவிடுவதில்லை. ஏற்ற பணியில் அமர்த்துவதும் அதன் பகுதியே.

இளைஞர்களே! இன்று நீங்கள் வரிசையில் நிற்பவர்கள். இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் பலர் ஆசிரியராகவும் அலுவலராகவும் வரிசைக்கு எதிரே அமரப் போகிறவர்கள். அங்கே உங்கள் எதிரில் ஒருவன் நடுங்கும் கையோடு நிற்பான். அவனுடைய உடையும் ஊரும் உங்கள் கண்ணில் முதலிற் படும். அவற்றைக் கடந்து அவன் செய்யும் வேலையைப் பொறுமையோடு இன்னொரு முறை பாருங்கள்.