எல்.இ. செல்: லூபஸ் நோய் ஆய்வில் ஒரு திருப்புமுனை

எல்.இ. செல் என்பது மற்றொரு செல்லின் உட்கருவை விழுங்கிய நிலையில் காணப்படும் ஒரு வெள்ளையணு ஆகும். 'லூபஸ் எரித்திமட்டோசஸ்' என்னும் நோய்ப் பெயரின் முதலெழுத்துகளே இதற்குப் பெயராயின. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மால்கம் ஹார்கிரேவ்ஸ், ஹெலன் ரிச்மண்ட், ராபர்ட் மார்ட்டன் ஆகியோர் 1948இல் இதை அறிவித்தனர். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் ஏற்க உதவிய கண்டுபிடிப்புகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி

'லூபஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு ஓநாய் என்று பொருள். முகத்தை அரிக்கும் புண்களை இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் இச்சொல்லால் குறித்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸ் மருத்துவர் கசனாவ், 'லூபஸ் எரித்திமட்டோசஸ்' என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார். இது தோலோடு நிற்பதில்லை, காய்ச்சல், மூட்டுவலி முதலியவற்றையும் உண்டாக்கி உயிரையும் பறிக்கும் என்று 1872இல் வியன்னாவின் கபோசி எடுத்துரைத்தார்.

இந்நோயால் பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் இளம் வயதினர். கன்னங்களிலும் மூக்கின் மேலும் பட்டாம்பூச்சி வடிவில் தோன்றும் சிவந்த தடிப்பே மருத்துவர்களுக்கு முக்கிய அடையாளமாக இருந்தது. தடிப்பு தோன்றாதவர்களுக்கு நோய் இன்னதென்றே தெரியாமல் போவதுண்டு.

கண்டுபிடிப்பு

நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, சில வெள்ளையணுக்களுக்குள் வழவழப்பான ஓர் உருண்டை தெரிந்தது. அணுவின் சொந்த உட்கரு ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த உருண்டை, சிதைந்த வேறொரு செல்லின் உட்கரு எனத் தெளிவாயிற்று.

அடுத்த கேள்வி, குற்றம் செல்லிலா, அதைச் சூழ்ந்த நீர்மத்திலா என்பது. கிளீவ்லாந்தில் ஹேசரிக் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் லூபஸ் நோயாளியின் பிளாஸ்மாவை, நோயற்றவரின் மஜ்ஜையுடன் கலந்தனர். அங்கும் எல்.இ. செல்கள் உருவாயின. ஆகவே காரணம் பிளாஸ்மாவில் இருந்தது. அது காமா குளோபுலின், அதாவது எதிர்ப்பொருள்கள் அடங்கிய புரதப் பகுதி என்பதும் விரைவில் புலப்பட்டது. சிதைந்த செல்லிலிருந்து வெளிப்படும் உட்கருவின் மீது இந்த எதிர்ப்பொருள் படிகிறது. அதை வேண்டாத பொருள் என்று கருதி வெள்ளையணு விழுங்கிவிடுகிறது.

உடல் தன்னைத்தானே தாக்காது என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் வலியுறுத்திய கருத்து. பல பத்தாண்டுகள் செல்வாக்குடன் இருந்த அக்கருத்து இத்தகைய சான்றுகளால் தளர்ந்தது.

நோயாளிகளுக்குக் கிடைத்த பயன்

எல்.இ. செல் சோதனை பரவியதும், முகத்தில் தடிப்பு இல்லாதவர்களிடமும், மிதமான பாதிப்பு உள்ளவர்களிடமும் லூபஸ் கண்டறியப்பட்டது. அரிதான கொடிய நோய் என்று கருதப்பட்டது, எண்ணியதைவிடப் பரவலானது எனத் தெரிந்தது. அதே மேயோ கிளினிக்கில் ஹெஞ்ச் குழுவினர் 1949இல் கார்ட்டிசோனின் பயனை முடக்குவாத நோயாளிகளிடம் காட்டினர். விரைவில் அது லூபஸுக்கும் பயன்பட்டது. ஆயினும் 1955இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழப் பாதிப்பேரே உயிருடன் இருந்தனர். இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

சோதனையின் மறைவு

எல்.இ. செல்லைத் தேடுவதற்கு நேரமும் பயிற்சி பெற்ற கண்ணும் தேவைப்பட்டன. வேறு சில நோய்களிலும் அது தென்பட்டது. 1957இல் ஃப்ரையூ, உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருளை ஒளிரும் சாயத்தால் காணும் முறையை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த ஏ.என்.ஏ. சோதனையே இன்றும் முதற்கட்டச் சோதனை. 1982இல் வெளியான அமெரிக்க வகைப்பாட்டு விதிகளில் இடம்பெற்றிருந்த எல்.இ. செல், 1997 திருத்தத்தில் நீக்கப்பட்டது.

இன்றைய தொடர்ச்சி

அந்த எதிர்ப்பொருள்களின் பிறப்பிடம் பி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களின் வழிவந்த செல்கள். எனவே இன்றைய சிகிச்சைகள் பல பி செல்களைக் குறிவைக்கின்றன. ஜெர்மனியின் எர்லாங்கனில், நோயாளியின் சொந்த டி செல்களை எடுத்து, பி செல்களை அழிக்கும்படி மரபணு மாற்றம் செய்து மீண்டும் உடலில் செலுத்தினர். இருபது வயதுப் பெண் ஒருவருக்குக் கிடைத்த பலன் 2021இல் வெளியானது. 2022இல் வெளியான அறிக்கையில், வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஐந்து நோயாளிகளுக்கும் மூன்று மாதங்களில் நோய் தணிந்திருந்தது. சில மாதங்களில் புதிய பி செல்கள் தோன்றியபோதும் நோய் திரும்பவில்லை. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கையே. இச்சிகிச்சை செலவு மிகுந்தது, ஆபத்துகளும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு மருந்துகளின் பக்கவிளைவுகளைச் சுமக்கும் நோயாளிகளுக்கு, மருந்தின்றி வாழ முடியும் என்ற வாய்ப்பை அது காட்டியிருக்கிறது.