இடம் மாறிய பெருந்தமனிகள்: அறுவைக்கு முந்தைய நாட்கள்

பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைக்கு உடலுக்கு ரத்தம் அனுப்பும் பெருந்தமனி வலது கீழறையிலிருந்தும், நுரையீரல் தமனி இடது கீழறையிலிருந்தும் கிளம்புகின்றன. ஆக்சிஜன் குறைந்த ரத்தம் உடலையே சுற்றிவருகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் நுரையீரலுக்கே திரும்புகிறது. மேலறைச் சுவரின் துளை வழியாகவோ, கருவில் இருந்த டக்டஸ் நாளத்தின் வழியாகவோ இரண்டும் கலக்கும் வரைதான் உயிர். சிகிச்சை இல்லையேல் முதல் வாரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரும், முதல் மாதத்துக்குள் பாதிப் பேரும், ஓராண்டுக்குள் பத்தில் ஒன்பது பேரும் இறந்துவிடுகின்றனர். இன்று தேர்ந்த மையங்களில் அறுவை செய்துகொள்ளும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். இந்த மாற்றத்தை அறுவை நுட்பத்தின் வெற்றியாகவே எழுதிவந்திருக்கிறோம். அது பாதி உண்மை. குழந்தை எத்தனையாம் நாளில், எந்த நிலையில் மேசைக்கு வந்தது என்பதே மறுபாதி என்பது என் வாதம்.

வரலாறே இதற்குச் சான்று. தமனிகளை வெட்டி இடம் மாற்றித் தைப்பதே சரியான தீர்வு என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. டொராண்டோவில் வில்லியம் மஸ்டர்ட் குரங்கின் நுரையீரலை ஆக்சிஜனேற்றியாக வைத்து இதை முயன்று 1954இல் பதிவு செய்தார். குழந்தைகள் யாரும் பிழைக்கவில்லை. பிறகு அறுவையியல் சுற்றுவழியில் போனது. ஸ்வீடனின் செனிங் 1950களின் இறுதியிலும், மஸ்டர்ட் 1963இலும் மேலறைகளுக்குள்ளேயே ரத்த ஓட்டத்தைத் திசைதிருப்பினர். குழந்தைகள் பிழைத்தன. ஆனால் உடல் முழுவதுக்கும் ரத்தம் அனுப்பும் வேலை வலது கீழறையின் தலையிலேயே விழுந்தது. அதற்கென அமையாத அந்த அறை பலருக்கு நடுவயதில் தளர்ந்தது; இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறியது.

1975இல் சாவ் பாவ்லோவில் அடிப் ஜடேனே தமனி இடமாற்றத்தில் முதன்முதலாக வெற்றி கண்டார். வெற்றி கிட்டிய குழந்தைக்குக் கீழறைச் சுவரில் துளையும் இருந்தது. வரலாற்றுக் குறிப்புகளில் அடைப்புக்குறிக்குள் போய்விடும் இந்தச் செய்தியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். துளை இருந்ததால் இரு கீழறைகளிலும் அழுத்தம் ஒத்திருந்தது. இடது கீழறை வலுவிழக்கவில்லை. துளை இல்லாத குழந்தையின் கதை வேறு. பிறந்த சில நாட்களில் நுரையீரல் ரத்தக்குழாய்களின் தடை குறைகிறது. குறைந்த அழுத்தத்துக்கு எதிராக மட்டும் இயங்கும் இடது கீழறையின் தசை, மாவுக்கட்டுக்குள் கிடந்த காலைப் போல மெலிகிறது. பின்னர் தமனிகளை எவ்வளவு நேர்த்தியாக மாற்றித் தைத்தாலும் அந்த அறையால் உடலின் ரத்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. 1980களின் முற்பகுதியில் பாஸ்டனில் ஆல்டோ காஸ்டனேடாவின் குழு, அறை மெலியுமுன் பிறந்த முதல் நாட்களிலேயே அறுவை செய்து இதைக் கடந்தது.

அந்த முதல் நாட்கள் வரை குழந்தை உயிரோடு இருக்க வழிவகுத்தவை அறுவை அரங்குக்கு வெளியே பிறந்தவை. 1966இல் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் ராஷ்கிண்ட் தொடைச் சிரை வழியே பலூன் முனைக் குழாயைச் செலுத்தி மேலறைத் துளையைப் பெரிதாக்கினார். மார்பைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. 1970களில் டக்டஸ் மூடாமல் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ1 வந்தது.

நுட்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 3 கிலோ குழந்தையின் மொத்த ரத்தம் சுமார் 250 மி.லி.; இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்பவே ஏறத்தாழ அவ்வளவு திரவம் வேண்டும். கொரோனரித் தமனியின் வாய் ஓரிரு மில்லிமீட்டர்தான். சுற்றியுள்ள சுவரோடு அதைப் பொத்தான் வடிவில் வெட்டியெடுத்து, முடியைவிட மெல்லிய இழையால் புதிய பெருந்தமனியில் தைக்க வேண்டும். தமனி சற்றே முறுக்கிக்கொண்டாலும் இதயத் தசைக்கு ரத்தம் போகாது. குழந்தையை இயந்திரத்திலிருந்து விடுவிக்கவும் முடியாது. நுரையீரல் தமனிக் கிளைகளைப் பெருந்தமனிக்கு முன்புறம் கொண்டுவரும் லெகோம்ட்டின் 1981ஆம் ஆண்டு உத்தி, செயற்கைக் குழாயின் தேவையைப் பெரும்பாலும் நீக்கியது.

கைத்திறனே முடிவைத் தீர்மானிக்கிறது என்போர் இங்கிலாந்தின் பிரிஸ்டலைக் காட்டுவர். 1991-95இல் அங்கே திறந்த இதய அறுவைக்குப் பின் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எதிர்பார்ப்பைவிட 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்ததாக 2001இல் வெளிவந்த கென்னடி விசாரணை அறிக்கை கூறியது. ஆனால் அதே அறிக்கை, குழந்தை இதய மருத்துவர்கள் ஒரு கட்டடத்திலும் திறந்த இதய அறுவை வேறொரு கட்டடத்திலும் இருந்த ஏற்பாட்டையும் கண்டித்தது. கை தவறிய இடத்தில் அமைப்பும் தவறியிருந்தது.

இன்னொரு மறுப்பு வலுவானது: தாமதமாக வரும் குழந்தைகளையும் காப்பாற்றலாமே? உண்மை. 3 வாரம் என்று கருதப்பட்ட எல்லையை லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை 2 மாதம் வரை நீட்டிக் காட்டியது. நுரையீரல் தமனியில் பட்டை கட்டி இடது கீழறையைப் பழக்கலாம்; இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தற்காலிகமாகத் துணைநிற்கும் எக்மோ இயந்திரத்தோடு ஒரே கட்டமாகவும் செய்யலாம். ஆனால் இவை கூடுதல் அறுவையையோ, நீண்ட தீவிர சிகிச்சையையோ, பெருஞ்செலவையோ கேட்பவை. தாமதத்துக்குக் கட்டும் அபராதத்தைத் தாமதத்துக்கான நியாயமாக ஏற்க முடியாது.

இந்தியாவுக்கு இது வெறும் வரலாறன்று. ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதயக் குறையோடு பிறப்பதாகவும், அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முதல் ஆண்டிலேயே தலையீடு தேவைப்படுவதாகவும் மதிப்பீடு. மாநிறக் குழந்தையின் உதட்டில் நீலத்தைக் கண்ணால் பிடிப்பது எளிதன்று. வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பொருத்த ஐந்து நிமிடம் போதும்: ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் உடனே பார்க்க வேண்டும்; 95ஐ எட்டாவிட்டாலோ, இரண்டுக்கும் இடையே 3க்கு மேல் வேறுபட்டாலோ மறுபரிசோதனை வேண்டும். பிறகு புரோஸ்டாகிளாண்டின். அது குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டும். மூச்சை நிறுத்தக்கூடிய மருந்து என்பதால் ஆம்புலன்சில் செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். கேரள அரசு 2017இல் தொடங்கிய ஹிருதயம் திட்டம், பதிவு முதல் மருத்துவமனை ஒதுக்கீடு வரை இவற்றை ஒரே சரட்டில் கோக்க முயன்றது. அறுவைச் செலவை ஏற்கும் காப்பீடு மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் மாநிலங்கள் அதன் பாதியையே செய்கின்றன.

நம் மையங்களின் அறுவை முடிவுகளை வாசிக்கும்போது ஓர் இடைவெளி உறுத்துகிறது. மேசைக்கு வந்த குழந்தைகளே கணக்கில் இருக்கிறார்கள். வழியில் இறந்தவர்களும், நோய் தெரியாமலே வீட்டில் இறந்தவர்களும் எந்த விழுக்காட்டிலும் இல்லை. ஆகவே பச்சிளங்குழந்தை இதய அறுவை முடிவுகளை வெளியிடும் ஒவ்வொரு மையமும் பிழைப்பு விகிதத்தோடு நான்கு விவரங்களைச் சேர்த்துத் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: நோய் கண்டறியப்பட்ட நாள், புரோஸ்டாகிளாண்டின் தொடங்கிய நேரம், வந்து சேர்ந்தபோது இருந்த ஆக்சிஜன் அளவு, அனுப்பப்பட்டும் வந்துசேராத குழந்தைகளின் எண்ணிக்கை.