பட்டாளத்துக்காரர் சாவுக்கு ராணுவ வேலை காரணமா? 60 சதவீத பென்ஷன் பெறுவது எப்படி?

ராயபுரம்:

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர்கள் ஏராளம். இவர்களில் ஒருவர் நோயால் இறந்தால், "மாரடைப்புக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று குடும்பத்தார் சும்மா இருந்து விடுகிறார்கள். அங்கேதான் நஷ்டம்.

சாதாரண குடும்ப பென்ஷன் கடைசி சம்பளத்தில் 30 சதவீதம். ராணுவ பணியால் நோய் வந்தது அல்லது முற்றியது, அதனால்தான் இறந்தார் என்று ஏற்கப்பட்டால் சிறப்பு குடும்ப பென்ஷன் 60 சதவீதம். போரில் பலியானால் முழு சம்பளம்.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

1985-ல் பட்டாளத்தில் சேர்ந்த தரம்வீர் சிங், வலிப்பு நோயால் 1994-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். உடல் ஊனத்துக்கான பென்ஷன் மறுக்கப்பட்டது. சேரும்போது நடந்த மருத்துவ பரிசோதனையில் அந்த நோய் குறிக்கப்படவில்லை. எனவே அது பணியால் வந்ததாகவே கருத வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது ராணுவத்தின் பொறுப்பு என 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. சாவு வழக்குகளிலும் குடும்பத்தார் இதைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

ஆனால் 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துள்ளன. அதனால் பணியை விட்ட தேதி ரொம்ப முக்கியம்.

என்ன செய்யணும்?

டிஸ்சார்ஜ் புத்தகம், ராணுவ ஆஸ்பத்திரி சீட்டு, மெடிக்கல் போர்டு அறிக்கை, இறப்பு சான்றிதழ் எதையும் தூக்கிப் போடக்கூடாது. முதலில் ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு மனு. தள்ளுபடி ஆனால் அப்பீல். அதுவும் போனால் சென்னையில் உள்ள ஆயுதப்படை தீர்ப்பாயம். மனு எழுத முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம்.