சூதுக் களத்திலிருந்து வீட்டுத் திண்ணைக்கு

மார்கழி மாதத்து மழையிரவு. வெளியே செல்ல வழியில்லை. வீட்டில் எழுபது வயதுப் பாட்டி இருக்கிறார்; ஏழு வயதுப் பேரன் இருக்கிறான்; இடையே தாயும் தந்தையும் இருக்கின்றனர். இந்நால்வரும் ஒருங்கே அமர்ந்து ஆடத்தக்க விளையாட்டு யாது? ஓடியாடும் ஆட்டம் பாட்டிக்கு இயலாது. ஆழ்ந்த சிந்தனை வேண்டும் ஆட்டம் பேரனுக்கு எட்டாது. வெறும் குழந்தை விளையாட்டோ பெரியோருக்குச் சலிப்பைத் தரும். சிறியதொரு வினாவாகத் தோன்றினும், மனித குலம் இதற்கு விடை தேடத் தொடங்கி நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அத்தேட்டத்தின் வரலாறு அறியத்தக்கது.

இன்றைய ஈராக் நாட்டிலுள்ள ஊர் என்னும் பழம்பதியில், 1920களில் லியோனார்ட் வூலி என்னும் ஆங்கிலேய அறிஞர் அரச கல்லறைகளை அகழ்ந்தார். பொன்னும் மணியும் கிடைத்த அவ்விடத்தில் ஆட்டப் பலகைகளும் கிடைத்தன. சிப்பியும் நீலக்கல்லும் பதிக்கப்பெற்று, 20 கட்டங்களோடு விளங்கும் அப்பலகைகளின் காலம் ஏறக்குறைய கி.மு. 2600 என்பர். மாண்டோருடன் வைத்து அடக்கும் அளவுக்கு அவ்வாட்டம் அந்நாட்டு மக்களின் வாழ்வோடு ஒன்றியிருந்தது. பலகை கிடைத்ததேயன்றி, ஆடும் முறை நெடுநாள் விளங்கவில்லை. பின்னாளில், கி.மு. 177ஆம் ஆண்டளவில் பாபிலோனிய எழுத்தர் ஒருவர் எழுதிய களிமண் ஏடொன்றை, பிரித்தானிய நூதனசாலையின் இர்விங் ஃபிங்கல் ஆராய்ந்து, அவ்வாட்டத்தின் விதிகளை வெளிப்படுத்தினார். இதனினும் வியப்புக்குரிய செய்தியொன்று உண்டு. நம் அண்டை நாட்டின் கொச்சி நகரில் வாழ்ந்த யூதக் குடும்பத்துப் பெண்கள், 20 கட்டங்கள் கொண்ட அதனையொத்த ஓர் ஆட்டத்தை 20ஆம் நூற்றாண்டு வரையும் ஆடி வந்தனர். பேரரசுகள் பல அழிந்தொழிந்தன; பெண்கள் வீட்டுக்குள்ளே காத்த ஆட்டமோ அழியாது நின்றது.

எகிப்து நாட்டிலும் இவ்வாறே. 1922 இல் திறக்கப்பட்ட துட்டன்காமூன் மன்னனின் கல்லறையில் செனெட் என்னும் ஆட்டத்துக்குரிய பெட்டிகள் கிடைத்தன. அதன் பலகையில் 30 கட்டங்கள் உள. தொடக்கத்தில் பொழுதுபோக்காக இருந்த அவ்வாட்டம், காலப்போக்கில், இறந்தோரின் உயிர் மறுவுலகத்தை நோக்கிச் செல்லும் பயணத்தைக் குறிப்பதாயிற்று. இக்கருத்து நினைவிற் கொள்ளத்தக்கது. நம் நாட்டு ஆட்டமொன்றில் இதனை மீண்டும் காண்போம்.

தமிழர் நிலத்துக்கு வருவோம். சிந்துவெளி நகரமாகிய மொகஞ்சதாரோவில் சுடுமண்ணாலான கனசதுரப் பகடைகள் கிடைத்துள்ளன. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2015 ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய அகழாய்வுகளில், தந்தத்தாலான பகடையும், வட்டமாகத் தேய்த்த ஓட்டுச் சில்லுகளும் வெளிப்பட்டன. இலக்கியமும் இதற்குச் சான்று பகர்கின்றது. புறநானூற்றின் 52ஆம் பாட்டில் உள்ளத்தை உருக்கும் காட்சியொன்று உண்டு. போரினால் ஊர் பாழாயிற்று. மக்கள் கூடும் பொதியிலும் வெறுமையாயிற்று. முன்பு நரைத்த முதியவர்கள் நாள்தோறும் காய் வைத்து ஆடியமையாற் குழிந்த ஆட்டவிடத்தில், காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கின்றது. ஓர் ஊரின் அழிவைக் காட்ட விரும்பிய புலவர் அரண்மனையையோ கோட்டையையோ தேர்ந்தெடுக்கவில்லை. ஆடுவாரற்ற விளையாட்டிடத்தையே தேர்ந்தெடுத்தார்.

ஆயினும், பகடைக்கு மற்றொரு முகமும் உண்டு. தருமன் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் பகடையாலேயே இழந்தான். நளன் காடு சென்றதும் அதனாலேயே. திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். இவற்றைக் கேட்டு வளர்ந்த பெற்றோர் தம் பிள்ளைகளின் கையிற் பகடையைக் கொடுக்க அஞ்சியது இயல்பே. அங்ஙனமாயின், குடும்பங்கள் கண்ட வழி யாது? பகடையை அவை முற்றாக விலக்கிவிடவில்லை. பணயத்தை விலக்கின, ஆட்டத்துக்குப் புதியதொரு பொருளை ஊட்டின. சூதுக் களத்திலிருந்து பகடை வீட்டுத் திண்ணைக்கு வந்த வழி இதுவே.

இவ்வழியிற் பிறந்த ஆட்டங்களுட் பரமபதம் தலையாயது. கீழே பிறப்பு, மேலே வீடுபேறு; இடையிலே நற்குணங்கள் ஏணிகளாகவும் தீக்குணங்கள் பாம்புகளாகவும் அமைந்தன. வைகுண்ட ஏகாதசி இரவிற் கண்விழித்திருக்கும் வைணவக் குடும்பங்கள் இதனை ஆடுவது நெடுநாள் வழக்கம். வட இந்தியாவில் சமணரும் வைணவரும் தத்தம் நெறிக்கேற்பப் பலகை வரைந்தனர். இசுலாமிய சூபி நெறியைத் தழுவிப் பாரசீக எழுத்துகளோடு அமைந்த பலகைகளும் உள. எகிப்தியர் செனெட்டிற் கண்ட உயிர்ப்பயணம் இங்கே வேறொரு வடிவில் அமைந்தமை காண்க. பாட்டி ஒவ்வொரு பாம்பின் பெயரையும் கதையையும் சொல்ல, குழந்தை அறத்தைக் கற்றது. ஆட்டத்தின் வெற்றி தோல்வியோ எறியும் பகடையைப் பொறுத்தது. ஆகவே அறிவு முதிர்ந்தவரும் மழலை மாறாதவரும் அதில் நிகராயினர்.

1890களில் இப்பலகை இங்கிலாந்திற் பாம்பும் ஏணியும் என்னும் பெயரோடு அச்சேறியது. இந்தியப் பலகைகள் பலவற்றிற் பாம்புகள் மிகுதி, ஏணிகள் குறைவு; நல்வழி அரிது, வீழ்ச்சி எளிது என்பது அதன் கருத்து. ஆங்கிலேயரோ நாளடைவிற் பாம்பையும் ஏணியையும் ஏறக்குறைய சமமாக்கினர். வீடுபேற்றுக்குப் பதிலாகச் சிக்கனம், உழைப்பு, கீழ்ப்படிவு முதலிய குணங்கள் இடம்பெற்றன. பின்னர் அவையும் மறைந்து வெறும் எண்களே எஞ்சின. 1943 இல் அமெரிக்காவில் வெளியான பதிப்பிற் பாம்புகளும் நீங்கி, சறுக்குமரங்கள் வந்தன. ஆட்டம் பரவியது, அதனோடு சொல்லப்பட்ட கதை குறைந்தது.

பச்சீசியின் வரலாறும் இத்தகையதே. சிலுவை வடிவில் அமைந்த துணியை விரித்து, சோழிகளை எறிந்து, நால்வர் ஆடும் ஆட்டம் அது. அக்பர் மன்னரின் பத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் அதன் களம் கல்லிலேயே வகுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். காய்களுக்குப் பதிலாகப் பணிப்பெண்களை நிறுத்தி மன்னர் ஆடினார் என்பது வழிவழி வந்த செய்தி. பச்சீசியில் எதிரெதிரே இருப்போர் கூட்டாளிகள். ஒருவர் தம் காய்களைக் கரைசேர்த்துவிட்டால் மட்டும் போதாது, கூட்டாளியும் சேரவேண்டும். 1896 இல் இங்கிலாந்தில் லூடோ என்னும் பெயரோடு இவ்வாட்டம் எளிமையாக்கப்பட்டபோது, சோழிகளின் இடத்தை ஒற்றைப் பகடை பிடித்தது. கூட்டாளி முறையும் வழக்கில் அருகியது. அந்த லூடோவே கப்பலேறி மீண்டும் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது.

நம் இல்லங்களில் ஆடப்படும் தாயம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்குக் கடைச் சரக்கு எதுவும் வேண்டியதில்லை. தரையிற் சுண்ணக்கட்டியாற் கீறிய கோடுகள், நான்கு சோகிகள், உடைந்த வளையற் துண்டோ புளியங்கொட்டையோ காய்களாதல் போதும். ஒன்று என்னும் எண்ணாகிய தாயம் விழுந்தாலன்றி எவரும் களத்தில் நுழைய முடியாது. பெரிய எண்ணே எங்கும் மேலானது என்று எண்ணும் சிறுவனுக்கு, மிகச் சிறிய எண்ணே வாயிலைத் திறக்கும் என்பதை இவ்வாட்டம் உணர்த்துகின்றது. வெட்டுண்ட காய் அழிவதில்லை. வீட்டுக்குத் திரும்பி மறுபடியும் புறப்படுகின்றது.

பகடையே இல்லாத ஆட்டங்களும் வீட்டில் வளர்ந்தன. அவற்றுட் பல்லாங்குழி சிறந்தது. வரிசைக்கு ஏழாக 14 குழிகள். குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டைகள். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுச் செல்லவேண்டும். கை வெறுமையானதும் அடுத்த குழியை எடுத்துத் தொடரவேண்டும். அக்குழி வெறுமையாயின் அதற்கப்பாலுள்ளதை அள்ளிக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்குரியவர் அதனை எடுத்துக்கொள்வார். எண்ணவும் முன்னோக்கவும் குழந்தை இதிற் பழகுகின்றது. இவ்வின ஆட்டங்கள் ஆபிரிக்கா, அரேபியா முதலிய நிலங்களெங்கும் பரவியுள்ளன. இலங்கைச் சிங்கள மக்கள் புத்தாண்டுக் காலத்திற் சிவந்த குன்றிமணிகளைக் கொண்டு ஆடும் ஒலிந்த கெளிய என்பதும் இதன் உடன்பிறப்பே. மொழியும் வழிபாடும் வேறாயினும், சித்திரைப் புத்தாண்டில் இரு இனத்து இல்லங்களிலும் ஒரேவகைக் குழிப்பலகை மடியில் இருந்தமை எண்ணி மகிழத்தக்கது.

நீர்ப்பாசனப் பொறியியலாளராக இங்கே பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909 இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய தம் நூலில், இந்நாட்டு விளையாட்டுகளுக்கும் இடமளித்தார். ஒலிந்தவோடு சிறுத்தை ஆட்டத்தையும் அவர் விவரித்துள்ளார். தமிழரின் ஆடுபுலி ஆட்டத்துக்கு இனமானது அது. ஆடுபுலியிற் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. இரு தரப்பும் சமமல்ல என்பதே அதன் சிறப்பு. எத்தரப்பு எளிதென ஆடிப் பார்த்து, எளியதைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்து, அரியதைப் பெரியவர் ஏற்றுக்கொள்ளலாம். வேண்டுமென்றே தோற்றுக் குழந்தையை ஏமாற்ற வேண்டிய தேவை அங்கே எழுவதில்லை.

மேலை நாட்டுப் பெற்றோரும் இதே கவலையோடு ஆட்டம் தேடினர். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிற் புகழ்பெற்ற வாத்து ஆட்டம் 63 கட்டங்களைக் கொண்டது. பகடை ஒன்றையே நம்பியது. 1759 இல் இலண்டனில் ஜோன் ஜெஃப்ரீசு என்பவர் ஐரோப்பியப் படத்தையே பலகையாக்கி, புவியியல் கற்பிக்கும் ஆட்டத்தை வெளியிட்டார். 1843 இல் அமெரிக்காவின் மாசசூசெற்சு மாநிலத்தில் வெளியான ‘இன்ப மாளிகை’ என்னும் ஆட்டத்தில், நற்குணம் முன்னே செலுத்தும், தீக்குணம் பின்னே தள்ளும். பகடை சூதாடிகளின் கருவியென்று கருதப்பட்டமையால், எண்கள் பொறித்த சிறு பம்பரத்தைச் சுழற்றி அதனை ஆடினர். நம் முன்னோர் உணர்ந்த அச்சம் அங்கும் இருந்தமை இதனாற் புலனாகும்.

பின்னர் வந்த ஓர் ஆட்டத்தின் கதை இங்கே குறிப்பிடத்தக்கது. எலிசபெத் மகீ என்னும் அமெரிக்கப் பெண்மணி, நிலம் சிலர் கையிற் குவிவதன் தீமையை மக்களுக்கு உணர்த்த ‘நிலக்கிழார் ஆட்டம்’ ஒன்றை அமைத்து, 1904 இல் அதற்கு உரிமம் பெற்றார். அதிலிருந்து கிளைத்த மொனொப்பலி 1935 இல் வணிகப் பொருளாகி உலகெங்கும் பரவியது. தனியுரிமையைக் கண்டிக்கப் பிறந்தது, தனியுரிமையைக் கொண்டாடும் ஆட்டமாயிற்று. அதில் ஒருவர் செல்வமெல்லாம் சேர்க்க, மற்றையோர் ஒவ்வொருவராக வெளியேறுவர். முதலில் வெளியேறுவது இளையவனாயின், அவன் நெடுநேரம் ஒதுங்கியிருந்து பார்க்க நேரிடும். தாயத்திலோ பரமபதத்திலோ இறுதிவரை எவரும் களத்தைவிட்டு அகற்றப்படுவதில்லை.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்குவார்க்குச் சில உண்மைகள் தெளிவாகும். வீட்டில் நிலைத்த ஆட்டங்கள் பணயத்தை ஏற்காதவை. அவற்றுட் பல, நல்லூழுக்கும் அறிவுக்கும் ஒருங்கே இடமளிப்பவை. ஆகவே பேரன் பாட்டியை மெய்யாகவே வெல்ல முடிகின்றது. தோற்றவரை அவை துரத்துவதில்லை. புளியங்கொட்டையும் சோகியும் சுண்ணக்கட்டியும் போல, எளியோர் வீட்டிலும் கிடைக்கும் பொருள்களே அவற்றுக்குப் போதுமானவை. கை ஆடிக்கொண்டிருக்க, வாய் பேசுவதற்கு அவை ஓய்வு தருகின்றன. பிள்ளைகளுக்கு ஆட்டம் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், கடைப்பெட்டியின் வண்ணத்தை நோக்குமுன் இவற்றை நோக்குதல் நன்று.

இன்று கைபேசித் திரையிலும் லூடோ ஆடப்படுகின்றது. முகமறியாதார் பலர் அதில் எதிராளிகளாக வருவர். தூரதேசத்தில் வாழும் பேரனோடு பாட்டி ஆடுவதற்கும் அது உதவலாம். ஆனால் ஒரே கூரையின்கீழ் இருப்போர் தனித்தனித் திரைகளை நோக்கியிருப்பின், புறநானூற்றுப் புலவர் கண்ட வெறும் பொதியில் அவ்வீட்டுக்குள்ளேயே தோன்றிவிடும். முதியோரின் விரல் பட்டுக் குழிந்த பல்லாங்குழிப் பலகைகள் இன்னும் சில இல்லங்களின் பரண்மீது கிடக்கின்றன. அவற்றைத் துடைத்தெடுத்து, விதி அறிந்தோர் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட வேண்டும். ஊர் நகரத்து ஆட்டத்தின் விதியைக் களிமண் ஏடு காத்துத் தந்தது. நம் வீட்டு ஆட்டங்களிற் பலவற்றுக்குப் பாட்டிமாரின் நினைவே ஏடு.