தேசிய மலரும் மலையகப் பிள்ளைகளும்

இலங்கையின் தேசிய மலர் எதுவெனப் பசறையிலோ ஹாலிஎலவிலோ உள்ள தோட்டப் பாடசாலையொன்றில் வினவினால், நீலோற்பலம் என்ற விடை தயக்கமின்றி வரும். அதனை நேரிற் கண்டவர் யாரென அடுத்து வினவினால் கையுயர்த்துவோர் சிலராகவே இருப்பர் என்று நினைக்கிறோம். குற்றம் பிள்ளைகளுடையதன்று. தாம் பிரகடனஞ் செய்த மலர் எதுவென்பதில் பெரியவர்களுக்கே நெடுங்காலம் குழப்பம் இருந்தது.

நீலோற்பலம் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது 1986 பெப்ரவரியில். சிங்களத்தில் நில் மானெல் எனப்படும் இது நம் நாட்டின் குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் இயல்பாக வளரும் அல்லியினம். வெளிறிய நீல நிறமும் கூரிய இதழ்களும் கொண்டது. ஆயினும் பின்னாளில் பல படங்களிலும் பிரசுரங்களிலும் இதன் இடத்தைப் பிடித்துக் கொண்டது கடும் ஊதா நிற அல்லியொன்றாகும். பார்வைக்குக் கவர்ச்சியான அச்செடி சுதேச இனமன்று. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தவற்றைச் சுட்டிக்காட்டினர். அல்லியினங்களுக்கிடையே நம் நீர்நிலைகளிற் கலப்பு நிகழ்ந்திருப்பதையும் அவர்களது 2017ஆம் ஆண்டின் ஆய்வு எடுத்துக்காட்டியது. ஒரு செடிக்கு அரச மரியாதை அளித்துவிட்டு அதன் பெயரில் வேறொரு செடியைப் போற்றிய விநோதம் இது.

தாமரையுடன் மயங்குவோரும் உளர். தாமரை இலை பிளவின்றி வட்டமாக நீருக்கு மேலெழுந்து நிற்கும். அல்லி இலையோ நீரில் மிதக்கும். விளிம்பிலிருந்து காம்பு வரை பிளவு காணப்படும். இவ்வளவு தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இம்மலர் தமிழுக்கு அந்நியமானதுமன்று. நம் இலக்கியங்கள் குவளை எனப் போற்றுவது இதனையே. மலைச்சுனையிற் பூப்பதாகவே சங்கப் புலவர்கள் அதனைப் பெரிதும் பாடினர். தொண்ணூற்றொன்பது மலர்களைப் பட்டியலிடும் குறிஞ்சிப்பாட்டில் குவளையும் உண்டு. தமிழ்நாடு தனது மாநில மலராக ஏற்றுக்கொண்ட செங்காந்தளும் உண்டு. பங்களாதேஷின் தேசிய மலரான ஷாப்லாவும் அல்லியே. அந்நாட்டின் அரச இலச்சினையில் அது இடம்பெற்றுள்ளது.

ஊவாவின் நிலைமை சற்று வேறானது. தேயிலை, சிங்கோனா, யூக்கலிப்டஸ் என இம்மலைகளை நிறைத்தவை யாவும் கடல் கடந்து வந்தவை. வெலிமடைப் பாதையிலுள்ள ஹக்கல பூங்காகூட 1861இல் சிங்கோனாவுக்காகத் தோன்றியதே. குளங்கள் இருப்பது தாழ்நிலத்தில்: மஹியங்கனையின் சொரபொர வாவி, புத்தளை, வெல்லவாய. அங்கும் நீர்ப்பரப்பை மூடும் ஆகாயத்தாமரையுடன் சுதேச அல்லி போட்டியிட வேண்டியுள்ளது. ஆகாயத்தாமரையை ஒழிப்பதற்கென 1909இலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டதை அறிந்தோர் இன்று எத்தனை பேர்?

தேயிலை மலையிலிருந்து சொரபொர வாவிக்குச் செல்லும் பஸ் கட்டணம், நாட்சம்பளத்தில் வாழும் குடும்பமொன்றுக்குச் சிறு தொகையன்று. ஆகவே மலரைப் பிள்ளைகளிடம் கொண்டுவருவதே நடைமுறைக்கு உகந்தது. ஊவாவின் தமிழ், முஸ்லிம் பாடசாலைகளில் ஆளுக்கொரு சீமெந்துத் தொட்டி போதுமானது. குளிர் மிகுந்த அப்புத்தளை போன்ற இடங்களில் இச்செடி தழைப்பது கடினமாதலால், பதுளை, பசறை போன்ற வெப்பமான பகுதிகளிலிருந்து தொடங்கலாம். கன்றுகளைக் கடையில் வாங்குதல் கூடாது. மீண்டும் ஊதா அல்லியே வந்து சேரும். தாவரவியல் பூங்காக்கள் திணைக்களம் இனத்தை உறுதிசெய்து வழங்க, மாகாணக் கல்வித் திணைக்களம் பொறுப்பேற்க வேண்டும். தொட்டி நீரில் நுளம்பு பெருகுமே என அதிபர்கள் அஞ்சுவது நியாயம். நாலைந்து கப்பி மீன்களை விட்டால் அத்தொல்லை குறையும்.