கரியும் எண்ணெயும் கதிரும்

திருகோணமலையை அடுத்த அன்புவழிபுரத்தில் அந்தி வேளையில் ஒளிரும் விளக்குகளுக்கு எங்கிருந்து வலிமை வருதல் வேண்டும் என்னும் வினா, அவ்வூரோடு முடிந்துவிடுவதன்று. இத்துறைமுகத்தின் நூற்றாண்டு வரலாறே அவ்வினாவுக்குள் அடங்கியிருக்கிறது.

ஆதியில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரியை உண்டே ஓடின. 1912ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை, எண்ணெயை மட்டுமே எரிக்கும் பெரும் போர்க்கப்பல்களைக் கட்டத் துணிந்தது. கரி பிரித்தானிய மண்ணிலேயே கிடைத்தது. எண்ணெயோ கடல் கடந்து வரவேண்டியிருந்தது. ஆகவே கப்பல் செல்லும் வழியெங்கும் எண்ணெயைச் சேமித்து வைத்தல் இன்றியமையாததாயிற்று. இத்தேவையின் விளைவே சீனன்குடாவில் எழுந்த மாபெரும் எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. விமானம் ஒன்று தாங்கியொன்றின் மீது வீழ, மூண்ட தீ ஏழு நாள் எரிந்தது என்பர். ஓரிடத்தில் குவித்த செல்வம் ஓரடியில் அழியக்கூடும் என்பதை அத்தீ உணர்த்தியது.

1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. எஞ்சிய 99 தாங்கிகளுள் பெரும்பாலானவை நெடுங்காலம் காடு மூடிக் கிடந்தன.

இதற்கிடையே கரி மீண்டும் வாயிலைத் தட்டியது. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் அமைக்க, இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் 2006 டிசம்பரில் உடன்பட்டன. அதே ஆண்டில்தான் போரினால் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறியிருந்தனர். அவர்கள் முகாம்களில் வாடிய காலத்தில், அவர்தம் மண்ணின் எதிர்காலம் அவர்களைக் கேளாமலே எழுதப்பட்டது. மீள வந்தோர், கடலுக்கும் வயலுக்கும் கேடு வருமென அஞ்சி எதிர்த்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2016 செப்டெம்பரில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

கரியோடு வந்த அதே கழகம் பின்னர் கதிரோடு வந்தமையே இவ்வரலாற்றின் திருப்பம். சம்பூரில் சூரிய மின்நிலையம் அமைக்க 2022இல் ஒப்பந்தமாயிற்று. 120 மெகாவாட் திட்டமாக விரிந்த அதன் தொடக்க விழா 2025 ஏப்ரல் 5ஆம் நாள், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, இலங்கைச் சனாதிபதி அநுரகுமார திசாநாயக்க ஆகியோர் முன்னிலையில் நடைபெற்றது.

எனினும், தூய்மை வேறு, உறுதி வேறு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் வேளையில் இலங்கை முழுவதும் இருளில் ஆழ்ந்தது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கொன்று பட்டமை காரணமெனப்பட்டது. விடுமுறை நாளில் மின்தேவை குறைந்து, கதிரொளி மின்சாரம் மிகுந்திருந்தமையால், கட்டமைப்பு அவ்வதிர்ச்சியைத் தாங்கவில்லை என மின்சார சபை விளக்கியது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோக, மின்வெட்டு அடுத்த நாள்களிலும் தொடர்ந்தது. பகலில் மிகுவதை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்களும், விரைந்து கைகொடுக்கும் நீர்மின்சாரமும், உரம் வாய்ந்த மின்கம்பித் தொடரும் அமையாவிடின் கதிர் மட்டும் போதாது.

கரி புகையைத் தரும். கதிர் அதனைத் தராது. ஆயின் இரண்டுக்கும் நிலம் வேண்டும். அந்நிலத்துக்கு உரியோரின் இசைவும் வேண்டும். அவ்விசைவோடு பிறக்கும் மின்சாரமே அன்புவழிபுரத்தின் விளக்குக்கும் சம்பூரின் விளக்குக்கும் ஒருங்கே பெருமை தருவதாகும்.