உழைச்செல்வார்: நீலகிரியில் முதியோர் பேணல்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிலிருந்து பேணுபவரையும் ஓர் உறுப்பாக எண்ணி, உழைச்செல்வான் என்று வள்ளுவர் பெயரிடுகின்றார். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். மூத்தோர்க்கும் பிணியுற்றோர்க்கும் செய்யும் பணிவிடையை வையாவிருத்தியம் எனக் கூறி, அகத்தவம் ஆறனுள் ஒன்றாகச் சமண அறநூல்கள் வைத்திருப்பதும் இவ்விடத்து நினைக்கத் தக்கது. நீலகிரியின் இருநூறாண்டு மருத்துவ வரலாற்றில் முதல் மூன்று உறுப்பும் விரைந்தே மலையேறிவிட்டன. நான்காம் உறுப்பு மட்டும் எளிய முதியவரின் வாயிலை அடைய நெடுங்காலம் ஆயிற்று.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறியது 1819 சனவரியில். உதகையில் அவர் எழுப்பிய முதல் வீட்டை மக்கள் கல் பங்களா என்றழைத்தனர். லஷிங்டன் சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் (1827–1832) உதகை, ஆங்கில அலுவலரும் படைவீரரும் உடல்தேறும் தலமாயிற்று. மலையின் தட்பவெப்பம் எந்நோயினர்க்கு உகந்தது, எவர்க்கு ஆகாது என்பதை ஆராய்ந்து மருத்துவர் ராபர்ட் பெய்க்கி 1834இல் நூலொன்று வெளியிட்டார். 1852இல் குன்னூருக்கு அருகே ஜக்கதளாவில் படைவீடுகள் எழத் தொடங்கின. அவ்வூரே பின்னர் வெலிங்டன் ஆயிற்று. இவற்றால் நலம் பெற்றோர் பெரும்பாலும் கடல்கடந்து வந்தவர்கள். மலைக்குரிய தோடர், கோத்தர், படகர், பணியர் ஆகியோரின் முதியோர் தத்தம் இல்லத்தார் கையையே நம்பியிருந்தனர்.

அக்காலத்தில்தான் செவிலியம் ஒரு கல்வியாக உருப்பெற்றது. மருந்து ஊட்டுவது மட்டும் செவிலியம் அன்று. தூய காற்று, வெளிச்சம், நன்னீர், வெம்மை, அமைதி, ஏற்ற உணவு ஆகியவற்றை அமைத்துத் தருவதே அதன் உயிர் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதினார். தமிழ் அகமரபில் செவிலி நோய் தீர்ப்பவள் அல்லள், வளர்ப்பவள். நர்சு என்பதற்கு அச்சொல்லைத் தேர்ந்தவர் பொருளறிந்தே தேர்ந்தனர் எனலாம்.

தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது சமவெளியிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் மலையேறினர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கைக்குப்பின் இலங்கை மலையகத் தமிழரும் வந்து சேர்ந்தனர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பையும் மருத்துவ வசதியையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது. நல்ல சட்டந்தான். ஆயினும் அது தந்த வீடும் மருந்தும் வேலையோடு கட்டப்பட்டவை. சரிவில் நின்று முப்பது நாற்பதாண்டு கொழுந்து பறித்த பெண், முழங்கால் தேய்ந்து ஓய்வுபெறும் நாளில், லைன் வீட்டை ஒப்படைக்க வேண்டியவளாகின்றாள். பிள்ளைகளுள் ஒருவர் அத்தோட்டத்திலேயே வேலையிலிருந்தால், சார்ந்து வாழும் பெற்றோர் என்ற முறையில் அவளும் அங்கேயே இருக்கலாம். பிள்ளைகள் படித்துக் கோவைக்கும் திருப்பூருக்கும் சென்றுவிட்டால் அவ்வழியும் அடைபடும். மக்களைப் படிக்க வைத்ததன் விலையைத் தாய் தன் முதுமையில் கொடுக்கின்றாள்.

முதுமைக்குத் துணை மக்கட்பேறே என்னும் எண்ணம் தோட்டங்களில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை 1971ஆம் ஆண்டின் திட்டமொன்று காட்டுகின்றது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி என்னும் தோட்ட உரிமையாளர் சங்கம், நீலகிரித் தோட்டங்கள் சிலவற்றில், கருவுறாத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் கணக்கில் 5 ரூபாய் சேர்த்தது. பிள்ளைகள் மிகுந்தால் தொகை குறையும்; மகப்பேற்று வயது கடந்தபின் பணம் கைக்கு வரும். பிறவாத பிள்ளைக்கு ஈடாக முதுமைக்குச் சேமிப்பு! பணம் கஞ்சி வாங்கித் தரும். அதைக் காய்ச்சி ஊட்டும் கை அதில் இல்லை.

அக்கை கூடலூரில் தோன்றியது. 1986இல் அங்கு அக்கார்டு அமைப்பு உருவாயிற்று. மருத்துவர்கள் தேவதாசனும் ரூபாவும் ஆதிவாசிச் சிற்றூர்தோறும் நலப்பணியாளரைப் பயிற்றுவித்தனர். அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் மகப்பேற்று மருத்துவர் ஷைலாவும் வந்து சேர, 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை எழுந்தது. அதை நடத்துவது அஸ்வினி அமைப்பு. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலிய குடிகளின் பெண்களையே செவிலியராகப் பயிற்றியதுதான் அதன் தனிச்சிறப்பு. பணியர் பாட்டி ஒருத்தி தன் வலியைத் தன் பேச்சிலேயே சொல்லலாம். கேட்பவள் அதே பேச்சுடைய பேத்தி போன்றவள். முதியவர் மருத்துவமனைக்கு அஞ்சுவது பெரும்பாலும் ஊசிக்கு அன்று, புரியாத மொழிக்கே.

மருத்துவத்துறையும் முதுமையைத் தனியே நோக்கத் தொடங்கியிருந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராசன் முயற்சியால் 1978இல் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. ஆயினும் மலைமுதியவரின் தேவைகள் பல, மருத்துவமனைக்கு வெளியே உள்ளவை. குளிரில் இரத்த அழுத்தம் உயரும். விறகடுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். பனியில் நனைந்த படிக்கட்டு இடுப்பெலும்பை முறிக்கும். மாத்திரை தீர்ந்துவிட்டதா, கால்விரலிற் புண் உண்டா, கண்ணிற் புரை படர்கின்றதா, காலை வெயிலில் சற்றேனும் நடக்கின்றாரா என்பவற்றை வீட்டுக்குள் சென்றவரே அறிய இயலும்.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், அவ்வாறு வீட்டுக்குள் செல்வதை அரசுப் பணியாக்கியது. பெண் தன்னார்வலர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து மாத்திரை தருகின்றார்; படுக்கையில் இருப்போரை நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வந்து பார்க்கின்றனர். இவையெல்லாம் முகவரி உள்ளவர்க்கு எளிதிற் கிட்டும். ஓய்வுபெற்று லைன் வீட்டை ஒப்படைத்து, ஓராண்டு மகன் வீட்டிலும் ஓராண்டு மகள் வீட்டிலுமாக இருக்கும் மூதாட்டியின் பெயர், ஒவ்வோர் ஊரிலும் புதிதாக எழுதப்பட வேண்டியிருக்கின்றது.